தாழையூத்துத் தூசும் தாமிரபரணித் தண்ணீரும்



நெல்லைச் சந்திப்பிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் தாழையூத்து வரும். அதனை ஒட்டியிருப்பது சங்கர் நகர். 1946-இல் நிறுவப்பெற்ற இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை, 1949-இல் இங்குதான் உற்பத்தியைத் தொடங்கியது. இவ்வட்டாரத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் அதற்கு மூலப்பொருள்.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று, தென்காசி முதல் நெல்லை வரை புழுதியைக் கிளப்பிவிடும். சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி இறக்கும் இடத்திலோ, வீடு கட்டும் இடத்திலோ நம் கார் நின்றால் சற்று நேரத்தில் அதன்மேல் சாம்பல் நிறப் போர்வை படிந்துவிடும்.

இந்தத் தூசுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இத்தாலியில் வெசூவியஸ் எரிமலைக்கு அருகிலுள்ள பொசுவோலி என்னும் ஊரின் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து, நீரிலும் கரையாத காரையை ரோமானியர் செய்தனர். இன்று நம் ஊர்க் கடைகளில் விற்கும் ‘போசலானா’ சிமெண்ட் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

எரிமலை என்றால் எங்கோ இருப்பது என்றுதான் எண்ணியிருந்தோம். ஆனால் 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் மேகம் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் நாடுகளைக் கடந்து, மறுநாள் இரவு டில்லி வானத்துக்கே வந்து சேர்ந்தது. பிழைப்புக்காக அரபு நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் இச்செய்தி அறிந்திருக்கத் தக்கதே.

எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பலைப் போல மென்மையானதன்று. பொடிந்த பாறையும் கூரிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்தது அது; அமிலத் தன்மையும் உடையது. சிமெண்ட் தூசோ காரத் தன்மை கொண்டது. ஈரம் பட்டால் இறுகும். குணத்தில் எதிரெதிரான இவ்விரண்டும் ஒரு செயலில் ஒன்றுபடுகின்றன: உலர்ந்த துணியால் துடைத்தால் வண்ணப் பூச்சைக் கீறிவிடும். பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய வண்டி, அல்லது வாடகைக்கு ஓடிக் குடும்பத்துக்கே சோறு போடும் வண்டி, ஒரு நிமிட அவசரத்தால் பொலிவிழந்துவிடும்.

ஆகவே முதலில் கையையும் துணியையும் விலக்கி வையுங்கள். வண்டியை நிழலில் நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், வைப்பரை இயக்காதீர்கள். கூரையிலிருந்து கீழ்நோக்கித் தாராளமாக நீரை ஓடவிடுங்கள். வெறுமனே தெளித்தால் சிமெண்ட் குழம்பாகி ஒட்டிக்கொள்ளும். துகள் முழுதும் இறங்கிய பின்னரே கார் ஷாம்பு கலந்த நீரில் மென்மையான துணியை நனைத்து, அழுத்தாமல் கழுவுங்கள். துணியை அலச வேறொரு வாளி வேண்டும். மார்கழிப் பனி இறங்கும் காலமானால், சிமெண்ட் தூசை அன்று மாலைக்குள் கழுவிவிடுவதே நலம்.

இறுகிவிட்டதா? பிளேடால் சுரண்டாதீர்கள். சமையலுக்கான வெள்ளை வினிகருடன் சம அளவு நீர் சேர்த்து, மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து, பின்பு அதில் நனைத்த துணியைச் சில நிமிடம் அவ்விடத்தில் போட்டு வையுங்கள். இளகியதும் நன்றாக அலசுங்கள். ஒரே முறையில் போகாவிட்டால் மறுபடியும் செய்யுங்கள். தரை கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். எரிமலைச் சாம்பலுக்கு வினிகர் கூடாது. அது முன்பே அமிலம் சுமந்தது.

இவ்வேலையின்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக் கவசமும் கையுறையும் அவசியம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கசக்காமல், தூய நீரால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ‘தாராளமாக நீர்’ என்றவுடன் வண்டியை ஆற்றுக்குள் இறக்கிவிடாதீர்கள். பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியே நெல்லையைத் தொட்டு, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தருகிறது. நம் வண்டியின் எண்ணெயும் சோப்பும் சிமெண்டுக் காரமும் கீழே எவரோ ஒரு தாய் நிரப்பும் குடத்தில் போய்ச் சேரலாமா? ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவுக்குக்கூட நீரை வீணாக்கலாகாது என்று கற்றவர்கள் நாம். ஆற்றை விட்டுத் தள்ளி, நீர் மண்ணில் சுவறும் இடத்தில் வண்டியைக் கழுவுவோம். வண்டியும் பளபளக்கட்டும், ஆறும் தெளிந்தே ஓடட்டும்.