டெல்டா அதிகாரிகளே, விண்ணப்பியுங்கள்

கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், ஐ.பி.எஸ். வேலை கிடைத்தும் அதை விட்டுவிட்டு, 1949-ல் யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்தின் வாகனிங்கனுக்குப் போனார். அது இளம் வயதில் வந்த வாய்ப்பு. வேலையில் ஊறியவர்களுக்கும் அப்படிக் கதவுகள் உண்டு என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாதது எனக்கு வருத்தம்.

1978-ல் அமெரிக்கா தொடங்கிய ஹியூபர்ட் ஹம்ப்ரி ஃபெலோஷிப் அந்த வகை. பட்டம் கிடையாது. ஏறத்தாழ 10 மாதம் பல்கலைக்கழகப் படிப்பு, கூடவே துறைசார்ந்த அமைப்புகளில் அனுபவம். வேளாண்மை, ஊரக வளர்ச்சி, பொதுக்கொள்கை ஆகியவை அதன் துறைகளில் இடம்பெற்றவை.

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காவிட்டால் குறுவை என்னாகும்? நெல் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பு மழைக்காலத்தில் விவசாயியை என்ன பாடுபடுத்தும்? 2018 காவிரித் தீர்ப்பு தந்த 177.25 டிஎம்சி தண்ணீர் கடைமடையை எப்படி எட்டும்? இவற்றோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்கள் நம் வேளாண் அலுவலர்களும் பாசனப் பொறியாளர்களும்தான். அத்தகைய ஃபெலோஷிப்பில் மெக்காங், நைல் டெல்டாக்காரர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேச இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

நாற்பதைத் தாண்டிவிட்டோமே என்று தயங்காதீர்கள். இத்தகைய திட்டங்கள் கேட்பதே அனுபவத்தைத்தான். அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள். தகுதியுள்ள ஒருவருக்காவது சொல்லுங்கள்.