மருத்துவரைத் தெரிந்து தெளிதல்

இளைஞர் மிகுதியாகப் படிக்கும் ஆண்டிதழில் முதியோர்க்கு வரும் நோயொன்றைப் பற்றி எழுதுதல் தகுமோ என்று வினவுவார் சிலர் இருத்தல் கூடும். தகும் என்பதே எம் துணிபு. மாணவர்க்குத் தந்தையரும் சிற்றப்பன்மாரும் உளர். அவர்கள் இந்நோயைப் பற்றி வீட்டில் வாய் திறவார். எம்முடன் இக்கல்லூரியிற் பயின்ற பழைய மாணவரோ தாமே இவ்வயதை எய்தியிருக்கின்றனர்.

புராஸ்டேட் என்பது ஆடவர்க்கு மாத்திரம் உள்ள ஒரு சிறு சுரப்பி. மூத்திரப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து அமைந்திருப்பது. வயது ஏற ஏற அது பருக்கும். பருப்பதெல்லாம் புற்று அன்று. எமது 65ஆம் ஆண்டில் இரவில் நான்கு முறை எழுந்து செல்ல வேண்டியதாயிற்று. குருதிச் சோதனையில் பி.எஸ்.ஏ. 8 என்று கண்டது. எம்.ஆர்.ஐ. படமும், பின்னர் ஊசியால் எடுத்த தசைத் துணுக்குகளும் புற்று உண்டென்பதை உறுதிப்படுத்தின. எலும்புகளிற் பரவவில்லை. கிளீசன் அளவு 3+4, அஃதாவது 7. இவ்வளவு முறைக்கு 1966இல் வித்திட்டவர் டானல்டு கிளீசன் என்னும் அமெரிக்க நோய்க்குறியியலார். இன்றைய வழக்கில் 6 என்பது மெல்ல நடப்பது. 8உம் அதற்கு மேற்பட்டதும் கொடியவை. எமது நோய் இரண்டற்கும் நடுவே நின்றது. நடுவே நிற்பவனுக்கே வழி தெரிவது அரிது.

செய்தி கேட்டவுடன் எம் மகன், "அப்பா, இந்த வாரமே அறுத்து எடுத்துவிடுவோம்" என்றான். மைத்துனரோ, கத்தி பட்டால் புற்று உடம்பெங்கும் ஓடும் என்று ஊரார் சொல்லும் பழங்கதையை எடுத்துரைத்தார். இருவர்க்கும் எம்பால் அன்பு உண்டு, ஆராய்ச்சி இல்லை. இத்தகைய புற்று பெரும்பாலும் மெல்ல வளர்வது ஆதலின், சில வாரங்கள் எண்ணிப் பார்ப்பதனாற் கேடில்லை என்று மருத்துவர் எவரும் கூறுவர்.

யாம் முதலிற் கண்ட அறுவை மருத்துவர் பெயர் பெற்றவர். அவர் எம்முடன் பேசிய கால் மணி நேரமும் தம் மருத்துவமனை வாங்கியிருந்த ரோபோ இயந்திரத்தின் புகழே பேசினார். தாம் எத்தனை பேர்க்கு இவ்வறுவை செய்தார் என்று கேட்டோம். "நிறைய" என்றார். அவர்களில் எத்தனை பேர்க்குச் சிறுநீர் அடங்கிற்று என்று கேட்டோம். "கவலைப்படாதீர்கள், ஐயா" என்றார். கவலை தீரும் மருந்தை வேண்டி யாம் செல்லவில்லை; கணக்கை வேண்டியே சென்றோம்.

இயந்திரத்தை யாம் இகழ்கின்றோம் அல்லோம். ஆஸ்திரேலியாவிலுள்ள பிரிஸ்பேன் நகரில், திறந்து செய்யும் அறுவையையும் ரோபோவாற் செய்யும் அறுவையையும் ஒப்பிட்டு 2016இலும் 2018இலும் முடிவுகள் வெளியிட்டனர். குருதியிழப்பு ரோபோவிற் குறைவு. சிறுநீர் அடக்கத்திலும் ஆண்மையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கையின் பயிற்சியோ வேறுபாடு செய்வது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், முன்னர்ப் பத்தே அறுவைகள் செய்திருந்தவரிடம் சிகிச்சை பெற்றோருள் ஐந்தாண்டிற்குள் நோய் மீளும் வாய்ப்பு 100க்கு 17.9, 250 செய்திருந்தவரிடம் 10.7. இச்சுரப்பியின் இருமருங்கும் நூலிழை போன்ற நரம்புகள் ஓடுகின்றன. அவற்றைக் காத்து அறுக்கும் முறையை 1982இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பாட்ரிக் வால்ஷ் செய்து காட்டினார். ஓர் இழையைக் காப்பதும் கெடுப்பதும் அறுப்பவர் கையிலன்றோ இருக்கின்றது!

இரண்டாவதாக யாம் கண்டவர் வயதில் இளையர். அவர் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்திருந்தார். தாம் அறுவை செய்தோர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் என்றும், ஓராண்டின் பின் அவர்களில் யார் யார் இன்னும் துணி வைத்துக்கொள்கின்றனர் என்றும் அதனைப் பார்த்துச் சொன்னார். பின்னர் எம் தசைத் துணுக்குகளை வேறொரு நோய்க்குறியியலாரிடம் காட்டச் சொன்னார். அவரும் 3+4 என்றே எழுதினார். அதற்கும் மேலாக, "கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரைக் கண்டு பேசிவிட்டு வாருங்கள், ஐயா, அதன்பின் என்னிடம் வருவதும் வாராமையும் உங்கள் விருப்பம்" என்றார். எம் உள்ளம் அவர்பாற் சாய்ந்தது அச்சொல்லால்தான்.

கதிர்வீச்சு மருத்துவரான அம்மையார் பிரித்தானிய நாட்டு ஆராய்ச்சியொன்றை எமக்கு விளக்கினார். 1,643 பேரை மூன்று பகுதியாக்கி, ஒரு பகுதியாரைக் கண்காணித்தும், ஒரு பகுதியார்க்கு அறுவை செய்தும், ஒரு பகுதியார்க்குக் கதிர்வீச்சளித்தும் 15 ஆண்டு வரை பார்த்தனர். 2023இல் வெளியான முடிவின்படி இந்நோயால் இறந்தோர் மூன்று பகுதியிலும் சேர்ந்து 100க்கு மூவரினும் குறைவு. பகுதிகளுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4, அறுவையில் 4.7, கதிர்வீச்சில் 5.0 விழுக்காடு. அக்காலக் கண்காணிப்பில் எம்.ஆர்.ஐ. வழக்கமாக இடம்பெறவில்லை என்பதையும் அம்மையார் மறையாது கூறினார்.

எம் தந்தையார் 91 வயது வரை வாழ்ந்தவர். ஆதலின் பதினைந்தாண்டுக் கணக்கு எமக்குப் போதாதெனத் தோன்றிற்று, கண்காணிப்பை விடுத்தோம். எஞ்சிய இரண்டனுள் எதனைக் கொள்வது? எமக்கு முன்னரே சிறுநீர்த் தடை இருந்தது. சுரப்பியை எடுத்துவிட்டால் அத்தடையும் உடன் நீங்கும், கதிர்வீச்சோ சில காலம் அதனை மிகுவிக்கக்கூடும் என்று அம்மையாரே சொன்னார். மேலும், அறுவைக்குப் பின் நோய் மீண்டால் கதிர்வீச்சளிக்க இடமுண்டு. கதிர்வீச்சுக்குப் பின் அறுத்தல் மிகக் கடினம்.

மீண்டும் இளைய மருத்துவரிடம் சென்றபோது எம் மனைவியார் உடன் வந்தார். யாம் ஆண்மையைப் பற்றிக் கேட்க நாணித் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அவரோ, "டாக்டர், ஆறு மாதம் கழித்து இவர் வேட்டி நனையாமல் பஸ்ஸில் ஊருக்குப் போய் வருவாரா? மற்றதைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்" என்றார். எட்டு வாரமாக யாம் எழுதி வைத்திருந்த வினாக்களுள் இவ்வளவு நேரிய வினா ஒன்றும் இல்லை. அவர் சொன்னார்: முன் கூறிய பிரித்தானிய ஆராய்ச்சியில் அறுவை செய்துகொண்டோருள் ஆறாம் மாதத்தில் 100க்கு 46 பேர் துணி வைத்துக்கொண்டனர்; ஆறாம் ஆண்டில் 17 பேர். மற்றது இவர் வயதில் முன்போல் மீள்வது ஐயமே. ஒரு பக்க நரம்பைக் காக்க முயல்வேன், மறுபக்கம் புற்று அண்மையில் இருப்பதால் வாக்களிக்க இயலாது. மனைவியார் எம்மை நோக்கி, "நீங்கள் இருந்தால் போதும்" என்றார். அன்றே நாள் குறித்தோம்.

அறுவை நிகழ்ந்து பதினொரு திங்கள் ஆகின்றன. எடுத்த சுரப்பியின் ஓரங்களிற் புற்று இல்லை. பி.எஸ்.ஏ. அளவிட இயலாத சிறுமையில் நிற்கின்றது, மும்மாதத்திற்கொருமுறை சோதிக்கின்றோம். இரவில் ஒருமுறையே எழுகின்றோம். இருமும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் சில துளி கசிகின்றமையின் நாளைக்கொரு துணி இன்னும் வேண்டியிருக்கின்றது. மற்றது மீளவில்லை, இரண்டாண்டு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அவர் குறிப்பேட்டில் எம் பெயர்க்கு நேரே அதனையும் எழுதிக்கொண்டார்.