யார் வீட்டுச் சொத்து?

அத்தையோடு பட்டுப் புடவை வாங்கப் புறப்படுகிறவர்கள் பொறுமையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பனகல் பார்க் எதிரே நாலு கடை ஏறி இறங்கியும், அரக்கா மாம்பழக் கலரா என்பது முடிவாகவில்லை. ஐந்தாவது கடைப் படியில் அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காற்றே இல்லையேடி இந்தப் பேட்டையிலே!"

"இதே பேட்டையில் ஒரு காலத்தில் ஏரிக் காற்று வீசியது, அத்தை" என்றேன்.

வேடிக்கையில்லை. நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. லேக்கைத்தான் காணோம்!

"அடப் பாவமே! யாரும் கேட்கலையா?"

"ஊருக்கு வீட்டு மனை வேண்டியிருந்தது. ஏரி யார் வீட்டுச் சொத்து, கேட்பதற்கு? கேட்டுக் காப்பாற்றிய இடம் ஒன்று இருக்கிறது, வாருங்கள்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன். புடவை தப்பியது, என் பர்ஸும் தப்பியது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இறங்கினோம். அடையாறு கடலைத் தொடுமிடத்தில் ஓர் உப்பங்கழி கிளை பிரிந்து, க்விபிள் தீவை வளைத்துக்கொண்டு கிடக்கிறது. கடல் ஏறினால் இதுவும் ஏறும். கடல் வடிந்தால் இதுவும் வடியும். சர்க்கார் பதிவேட்டில் இப்படிப்பட்ட நிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். தீர்வைக் கணக்குக்குப் புறம்பானது என்பதே பொருள். நாமோ, உதவாக்கரையைத் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டோம். உதவாத நிலம்தானே என்று, இடித்த வீட்டுக் கல்லையும் மண்ணையும் சாக்கடையையும் இங்கே கொண்டு தள்ளினார்கள். சுற்றிலும் கட்டிடங்கள் நெருங்கி வந்தன.

1990-களில் சென்னையின் நுகர்வோர் நடவடிக்கைக் குழு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. சொந்த வீட்டு வேலிக்காக வழக்காடுகிறவர்களை நமக்குத் தெரியும். ஒரு சென்ட் பாத்தியதைகூட இல்லாத சேற்றுக்காகப் படியேறுகிறவர்களை எங்கே பார்க்கிறோம்? பிற்பாடு அரசே முன்வந்து, 58 ஏக்கரைச் சீர்திருத்தியது. குப்பைமேடுகளைத் தோண்டி எடுத்தார்கள். அலைநீர் வந்து போக வழிவிட்டார்கள். கண்டலும் நம் கரையோரத்து மரங்களும் நட்டார்கள். 2011 ஜனவரியில் திறந்து, தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் சூட்டினார்கள்.

"பூங்கான்னு பேரு, பூச்செடியையே காணோமே!" என்று அத்தை குறைப்பட்டாள். எதிரே சாம்பல் நாரை ஒன்று, ஒற்றைக் காலில், வட்டிக்கடைக்காரரைப்போல அசையாமல் நின்றது. திடீரென்று கழுத்து நீண்டது, மீன் போயிற்று. அத்தை அதன்பிறகு பூவைப்பற்றிப் பேசவில்லை.

"2015 டிசம்பர்லே அடையாறு பொங்கினப்போ, நம்ம கோட்டூர்புரத்துச் சித்தி வீட்டிலே கட்டில் மிதந்ததே, ஞாபகம் இருக்கா?" என்றாள், தண்ணீரையே பார்த்தபடி. "ஓடறதுக்கு இடம் இல்லேன்னா அது வீட்டுக்குள்ளேதான் வரும், பாவம்."

பாவம் சித்தியா, தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

போக விரும்பும் வாசகியர், திறந்திருக்கும் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். காலை வேளை நல்லது. தின்பண்டப் பொட்டலமும் சளசளப்பும் வேண்டாம். நாரைகளுக்கு இரண்டும் பிடிப்பதில்லை. அத்தை மறுபடி போக வேண்டும் என்கிறாள், புடவை எடுத்த பிறகு.