கோட்டு வழிப் பயணம் – 6: தாராசுரத்தில் ஒரு கண்

கும்பகோணத்தில் இறங்கிய மறுநாள் விடிந்ததுமே தாராசுரத்துக்குக் கிளம்பிவிட்டேன். நாலு கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி மிச்சச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. தோளில் வழக்கமான ஜோல்னாப் பை. அதற்குள் ஒரு நோட்டு, 2பி பென்சில், மை பேனா, வண்ணக் கட்டிகள் உள்ள தகரப் பெட்டி, பழைய வேட்டித் துண்டு, தண்ணீர் பாட்டில்.

ஐராவதேசுவரர் கோயிலுக்கு இதற்கு முன் மூன்று தடவை வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கைபேசியில் நூறு படமாவது எடுத்திருப்பேன். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் என்பது தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1987-இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம், 2004-இல் இதற்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சேர்த்து விரிந்தது என்பதும் தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, இங்குள்ள தேர் வடிவ மண்டபத்துக் குதிரையின் கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எடுத்த படங்களை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதனால் இந்தத் தடவை ஒரு முடிவோடு வந்தேன். காலை முழுக்க ஒரே ஒரு சிற்பம். ரிஷபகுஞ்சரம்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். யானையும் காளையும் எதிரெதிரே நிற்க, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. காளையின் உடம்பை உள்ளங்கையால் மறைத்தால் யானை நிற்கும். கையை மாற்றி யானையின் உடம்பை மறைத்தால் காளை நிற்கும். வழிகாட்டிகள் எல்லோரும் கையை வைத்து மறைத்துக் காட்டுவார்கள், கூட்டம் "அட!" என்று சொல்லிவிட்டு நகரும். அரை நிமிஷம்கூட ஆகாது.

நான் வேட்டித் துண்டை விரித்து எதிரே உட்கார்ந்தேன். முதலில் யானையை வரைந்தேன், நன்றாகவே வந்தது. பிறகு காளையைச் சேர்த்தேன். கழுத்து பொருந்தவில்லை. பக்கத்தைத் திருப்பி, காளையை முதலில் போட்டேன். இப்போது யானையின் நெற்றி சப்பையாகிவிட்டது. மூன்றாவது பக்கமும் வீண். வெயில் முதுகில் ஏறத் தொடங்கியிருந்தது.

பின்னால் ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். பாட்டியோடு வந்தவள். பாட்டி நந்தியண்டை உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருக்க, இவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டுக்கும் ஒரே கண்ணுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப அந்தக் கண்ணுலேருந்து ஆரம்பிங்க. கோலத்துக்கு நடுப்புள்ளியிலேருந்துதானே வைப்போம்?"

நான்காவது பக்கத்தில் முதலில் அந்தக் கண்ணை வைத்தேன். அதைச் சுற்றித் தலை. தலையிலிருந்து ஒரு பக்கம் யானை இறங்கியது, மறுபக்கம் காளை இறங்கியது. இரண்டு உடம்பும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. அந்தச் சிற்பியும் உளியை முதலில் அங்கேதான் வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. புத்தகத்தில் படித்து இது எனக்குத் தெரிய வந்திருக்காது. மூன்று பக்கம் தவறிய பிறகுதான் கைக்குப் புரிந்தது. வரைவதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே இதுதான்.

இந்த இடத்தில் சில்பியை நினைக்காமல் இருக்க முடியாது. நாமக்கல்லில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சீனிவாசன்தான் சில்பி. ஓவியர் மாலி வைத்த பெயர் அது. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களுக்கு எதிரே உட்கார்ந்தே வரைந்தார். கூடவே வந்த எழுத்து தேவனுடையது. எங்கள் வீட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தார்கள். சின்ன வயதில் அவற்றைப் பார்த்து, கல் இவ்வளவு மிருதுவா என்று தடவிப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரைய உட்காரவில்லை. எங்கள் பள்ளியில் ஓவிய வகுப்பு வரும்போதெல்லாம் கணக்கு ஆசிரியர் வந்துவிடுவார். இருபது வருஷத்துக்கும் மேலாகப் பென்சிலைத் தொடாமலே போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பத்து மணி வெயிலில் கல்லின் நிறம் மாறியது. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல்தான். வண்ணப் பெட்டியைத் திறந்துவிட்டுப் பார்த்தால் எங்கே இருக்கிறது சாம்பல்? வெயில் விழும் இடம் தேன் நிறம், மடிப்புகளுக்குள் நீலம். கறுப்பைக் கரைத்தால் கல் செத்துவிடும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் ஈரத்தோடு கலந்தால் உயிருள்ள ஒரு சாம்பல் கிடைக்கும். நீலம் ஒரு சொட்டுக் கூடினால் நிழல், பழுப்புக் கூடினால் வெயில். அந்த இரண்டு கட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கோயில் முழுவதையும் வரைந்துவிடலாம்.

மதியத்துக்கு மேல் கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வந்தேன். அடிப்பகுதியில் பட்டையாக ஓடும் நாயன்மார் கதைச் சிற்பங்களை அவசரக்காரர்கள் யாரும் பார்ப்பதில்லை. சாண் அளவே உள்ள சிறு சிற்பங்கள், குனிந்தால்தான் தெரியும். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பார்கள். பாட்டு பிறந்து ஒரு தலைமுறைக்குள் அது கல்லில் ஏறியிருக்கிறது. முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் அவிநாசிக் காட்சியை மட்டும் கட்டை விரல் அளவில் வரைந்துகொண்டேன்.

என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கீழ்ப்பாதி எழுத்துக்கு. தலபுராணத்தையும் வருஷக் கணக்கையும் அங்கே எழுதுவதில்லை, அவை எங்கேயும் கிடைக்கும். அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "தெருவில் பட்டுத்தறிச் சத்தம், நின்று நின்று. காவலர் டீ வாங்கிக் கொடுத்தார். புல்லில் ஈர வாசனை. நாலாவது பக்கத்தில் கண் கிடைத்தது." இரண்டு வருஷம் கழித்து இதைப் படித்தாலும் அந்த டீயின் சூடு எனக்கு நாக்கில் வரும்.

ஒவ்வொரு பயணமும் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் நோட்டைப் பரணில் போடுவதில்லை. தினமும் கால் மணி நேரம், கையில் அகப்படுவதை வரைகிறேன். அரிவாள்மணை, குக்கர் மூடி, மடித்து வைத்த போர்வை. வீட்டில் கை பழகியிருந்தால்தான் வெளியூரில் கண் தயாராக இருக்கிறது. பயணம் வருஷத்தில் பத்து நாள்தான். அந்தக் கால் மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அன்று கோயிலிலிருந்து புறப்படும்போது அந்தச் சிறுமிக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். பாட்டி, "நேரமாச்சு வாடி" என்று இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் நகரவில்லை. கண்ணை வைத்துவிட்டு, தலையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தாராசுரம் போகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். வரையத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு கைபேசியை எடுக்காதீர்கள். ரிஷபகுஞ்சரத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்காருங்கள், முதல் மூன்று பக்கம் தவறினால் தவறட்டும். நான் நாளை காலை கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பஸ் ஏறுகிறேன்.

(பயணம் தொடரும்)