கோணல் தையல்

நமது இல்லங்களில் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் மேல் தட்டில் வைக்கப்படும் பொருள்கள் மூன்று. தித்திப்புப் பண்டம் ஒன்று, மருந்து இரண்டாவது, ஊசி மூன்றாவது. முதல் பொருளை அவர்கள் எப்படியும் எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதை நாமே வலிய எடுத்துக் கொடுத்தாலும் ஓடிப் போகிறார்கள். மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே பேச உத்தேசித்திருக்கிறோம். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் ஊசியைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம்; கொடுக்கவும் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இது புதிய யோசனையன்று. 1837-ம் வருஷத்தில் ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கிய பிரோபெல் என்னும் அறிஞர், அட்டையில் துளையிட்டு வர்ண நூலால் தைப்பதைச் சிறுவர்களுக்குரிய வேலைகளில் ஒன்றாக அமைத்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 1937 அக்டோபரில் வர்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், கைத்தொழிலின் வாயிலாகவே குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்ற திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மான்டிசோரி அம்மையாரின் முறையிலோ, பொத்தான் போடுவதற்கும் கொக்கி மாட்டுவதற்கும் முடிச்சுக் கட்டுவதற்கும் தனித்தனிச் சட்டங்களே உண்டு. பெரியோர்கள் இவ்வளவு சொல்லியிருக்க, நாம் மட்டும் ஊசி டப்பாவை ஒளித்து வைப்பானேன்?

ஆனால் ஆரம்பத்திலேயே கூர் ஊசியைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. கலியாணப் பத்திரிகை அட்டை ஒன்று போதும். கோணி ஊசியால் அதில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் நாமே இட்டு, முனை மழுங்கிய, காது பெரிய ஊசியில் தடித்த நூலைக் கோத்துக் கொடுக்க வேண்டும். மேலே வந்த ஊசி கீழே போக வேண்டும். கீழே போனது மேலே வர வேண்டும். இதைக் கை அறிந்துகொள்ள நாலைந்து நாள் பிடிக்கும். அதன் பிறகு தளர்ந்த நெசவுள்ள துணி. அதன் பிறகுதான் கூர் ஊசி.

நூலின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகள் அடிக்கடி நூல் கோக்கச் சோம்பி இரண்டு கஜம் இழுத்துவிடுவார்கள். அது சிக்கும், சிக்கினால் அழுகை வரும், அழுகை வந்தால் பாடம் முடிந்தது. அவரவர் கையால் ஒரு முழம் என்பதே சரியான அளவு. நூலைத் தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் குறையும். உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தோமோ, எழுந்திருக்கும்போது அத்தனையும் எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரையில் யாரும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இந்தச் சட்டம் பெரியவர்களுக்கும் உண்டு என்று கண்டால், குழந்தைகள் அதை மிகுந்த சிரத்தையுடன் நிறைவேற்றுகிறார்கள்.

தைக்கத் தெரிந்த பிறகு எதைத் தைப்பது? வெறும் மாதிரித் துணியில் கோடு கோடாகத் தைக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். வங்காளத்து ஸ்திரீகள் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். பழம் புடவைகளையும் வேஷ்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலைக்கொண்டே சிறு சிறு ஓட்டுத் தையலாகத் தைத்துப் போர்வையும் விரிப்பும் செய்வார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். பீகாரில் பிறந்த குழந்தைக்கென்று தைப்பதைச் சுஜனி என்கிறார்கள். வட கன்னடத்தில் கௌதி என்கிறார்கள். நம்முடைய ‘கந்தை’யும் வங்காளத்துக் ‘காந்தா’வும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. நாம் அந்தச் சொல்லைக் கிழிசலுக்கு வைத்துக்கொண்டோம்; அவர்கள் கலைக்கு வைத்துக்கொண்டார்கள்!

நமது இளைய மகளுக்குப் பிரசவ காலம் நெருங்கியபோது, வரப்போகும் குழந்தைக்கு ஒரு விரிப்புத் தைப்பதென்று தீர்மானமாயிற்று. தைப்பவர்கள் எட்டு வயதுப் பேத்தியும் ஐந்து வயதுப் பேரனும். துணிக்காகக் காலஞ்சென்ற நமது தாயாரின் பெட்டியைத் திறந்தோம். “அம்மாவின் புடவையைக் கத்தரிக்கவா போகிறாய்?” என்று நமது தமக்கையார் கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபமன்று, துக்கம். புடவைகளை எடுத்துப் பிரித்தோம். மடிந்தே கிடந்த நூற்புடவைகள் மடிப்புத்தோறும் நைந்து விட்டுக்கொண்டிருந்தன. தமக்கையார் சற்று நேரம் அவற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒன்றை மட்டும் தமக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலைத் தாமே கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்பதரை அங்குலச் சதுரமாக இருபது துண்டுகள். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலில் போனால் மீதி எவ்வளவு? அகலத்துக்கு நாலு, நீளத்துக்கு ஐந்து வைத்தால் விரிப்பு எத்தனை அங்குலம்? முப்பத்தாறுக்கு நாற்பத்தைந்து என்று பேத்தி தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டுக் காண்பித்தாள். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் கணக்கென்றால் அவளுக்கு வயிற்றுவலி வருவது வழக்கம். அன்று வரவில்லை.

துண்டுகளை இணைத்து, அடியில் மூன்று அடுக்குப் பழம் புடவை வைத்துத் தைக்கையில், பேரனுடைய வரிசை காவேரியைப் போல் வளைந்து வளைந்து சென்றது. பேத்தியின் வரிசை நேராகத்தான் இருந்தது. ஆனால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவள் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் இடையில் முக்கால் அங்குலம் விட்டிருந்தாள். இருவரும் தூங்கிய பிறகு இரவில் எல்லாவற்றையும் பிரித்து ஒழுங்காகத் தைத்துவிடலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. தமக்கையார் அதைத் தடுத்துவிட்டார். “நீங்கள் தைத்ததென்றால் நீங்கள் தைத்ததாகச் சொல்லுங்கள். அவர்கள் தைத்ததென்றால் அவர்களே தைக்கட்டும்” என்றார்.

மறுநாள் காலையில் குழந்தைகளை அருகே அழைத்து, விரிப்பின்மேல் தமது சுண்டு விரலை ஓட்டிக் காண்பித்தார். பேரனின் கோணல் தையல்மீது விரல் தடையின்றிச் சென்றது. பேத்தியின் நேர்த் தையலில் நூலுக்கடியில் புகுந்து மாட்டிக்கொண்டது. “இது என் விரல், இழுத்துக்கொண்டேன். பாப்பாவின் கால் விரலாக இருந்தால்?” என்று கேட்டார். பேத்தி பதில் சொல்லவில்லை. கண்ணில் நீர் ததும்பியது. தம்பியின் வேலை நிலைக்கவும் தன்னுடையது பிரிக்கப்படவும் நேர்ந்தது அவளுக்குப் பெரிய அவமானம். ஆயினும் யாரும் சொல்லாமல் தானே கத்தரிக்கோலை எடுத்து மூன்று சதுரங்களைப் பிரித்தாள். அவற்றைத் திரும்பத் தைக்க அவளுக்கு ஆறு நாள் ஆயிற்று. கோணலை மன்னிக்கலாம், தளர்ச்சியை மன்னிக்க முடியாது என்பதை அன்று குழந்தைகளோடு நாமும் தெரிந்துகொண்டோம்.

அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், “ஆண் பிள்ளைக்கு ஊசி வேலை எதற்கு, ஐயா?” என்று கேட்டார். அவர் போட்டிருந்த சட்டையைத் தைத்தவர் யார் என்று விசாரித்தோம். மீசை வைத்த ஒரு கடைத்தெருத் தையற்காரர் என்று தெரிந்தது. வலையைப் பழுது பார்க்கும் மீனவரும், வயிற்றைத் திறந்து மூடும் வைத்தியரும்கூட ஊசி பிடிக்கிறவர்களே. சட்டையில் பொத்தான் அறுந்தால் தாயாரையோ மனைவியையோ கூவி அழைக்கும் ஆண் மகனைச் சுதந்திர புருஷன் என்று சொல்வது சற்றுக் கஷ்டந்தான்.

விரிப்பு இப்போது உபயோகத்தில் இருக்கிறது. போர்த்துவதற்கு அல்ல, பச்சைக் குழந்தையின் முகத்தை மூடிவிடும் என்பதால் விழித்திருக்கையில் கீழே விரிப்பதற்கு மட்டுமே. நாள் தவறாமல் நனைகிறது, துவைக்கப்படுகிறது, காய்கிறது. பேத்தி வாரம் ஒரு தடவை தன் சுண்டு விரலை அதன்மேல் ஓட்டிப் பரீட்சித்துவிட்டுப் போகிறாள்.

நேயர்கள் இதற்காகக் கடைக்குப் போய் எதுவும் வாங்க வேண்டாம். புதுத் துணி விறைப்பாக இருக்கும், துவைத்தால் சுருங்கும். பலமுறை துவைத்த நூற்புடவையே இந்த வேலைக்கு ஏற்றது. அடுத்த முறை பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் குரல் கொடுக்கும்போது, மூட்டையிலிருந்து இரண்டு புடவைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு சிறு கிண்ணம் நஷ்டமாகலாம். இலாபக் கணக்கை உங்கள் குழந்தைகள் எழுதட்டும்.