செயலியின் வெகுளாமை

என் மகனின் விளையாட்டுக் கணினி, ஆட்டம் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும். செயலி போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார் பழுதுபார்ப்பவர். பகுதிநேர வேலையில் ஓராண்டு சேமித்து அவன் வாங்கியது அது. அத்தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அணைவது இறப்பின் அடையாளமன்று, தற்காப்பு. சூடு 95, 100 பாகை செல்சியஸை நெருங்கினால் இக்காலச் செயலிகள் பல தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோதே அணையும். திருக்குறளின் 31ஆம் அதிகாரமாகிய வெகுளாமையை இவை அறிந்திருக்கின்றன போலும்!

அளந்து பார்த்தோம். ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே 98. விசிறி நன்றாகச் சுழன்றது. தூசியைத் துடைத்தும் மாற்றமில்லை. எனில், குறை செயலிக்கும் அதன்மேல் அமர்ந்த ஹீட் சிங்குக்கும் இடையில்தான். வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்புகளிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதை நிரப்பவே பசை. கழற்றினால், பசை பொருக்காக உலர்ந்திருந்தது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணியளவு புதுப்பசை வைத்து, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினோம். இப்போது 74.

‘இவன் தேறமாட்டான்’ என்று வகுப்பறைகளில் எத்தனை பேரைக் கைவிடுகிறோம்! உலர்ந்துபோனது அவர்களுக்கும் நமக்கும் இடையிலுள்ள ஏதோவொன்றாக இருக்கலாம்.