இரு வெள்ளாம்பல்கள்

ஆராயாது முடிவுரைத்தல் அறிவுடையார்க்கு அழகன்று என்பதனை யாம் நூலிற் கற்றதினும் நீர்த்தொட்டியிற் கற்றதே மிகுதி. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

மயிலைக்கு மேற்கே பரந்து கிடந்த நீண்ட ஏரி, 1923ஆம் ஆண்டளவில் நீர் வடிக்கப்பெற்றுத் தியாகராய நகரமாயிற்று. மேற்கு மாம்பலத்து ‘லேக் வியூ’ சாலை அவ்வேரியின் பெயரைமட்டும் காத்து நிற்கின்றது. ஆதலின், தாவரநூல் பயிலும் எமக்கு, அடையாற்றில் எம் உறவினர் தோட்டத்திருந்த இரு தொட்டிகளே ஏரியாயின.

ஒரு சனிக்கிழமை நண்பகலில் தோழர் சிலருடன் ஆங்குச் சென்றோம். ஒரு தொட்டியில் வெண்மலரொன்று விரிந்திருந்தது. மற்றதில் வெள்ளியதொன்று குவிந்திருந்தது. “இரண்டும் அல்லியே, ஒன்று மலர்ந்தது, மற்றது மொட்டு” என்று துணிந்து கூறினோம். எம்மினும் இளைய மாணவர் ஒருவர், “இலைகள் வேறாயிருக்கின்றனவே, அண்ணா” என்றார். பூ ஒன்றாயிருக்க இலையைப் பார்ப்பானேன் என்று எள்ளினோம். உடனிருந்தோரும் நகைத்தனர். அவர் தலைகவிழ்ந்தார்.

நிற்க. அன்றிரவு யாம் அவ்வில்லத்திலேயே தங்க நேர்ந்தது. எட்டு மணியளவில் விளக்கேந்திச் சென்று நோக்கினோம். பகலில் விரிந்திருந்த மலர் குவிந்திருந்தது. யாம் மொட்டென்றதோ நன்கு விரிந்து நின்றது! அது மொட்டன்று, முன்னிரவு மலர்ந்து, பகலில் உறங்கிய மலர்.

காலையில் இலைகளைத் திருப்பிப் பார்த்தோம். இரவில் அலர்வதன் இலைவிளிம்பிற் கூரிய பற்களும் அடிப்புறத்தில் மென்மயிரும் இருந்தன. பகலில் அலர்வதன் விளிம்பு அலைபோல் நெளிந்தும், அடிப்புறம் வழுவழுப்பாயும் இருந்தது. முன்னது அல்லி, 1799இல் ஜெர்மானிய அறிஞர் வில்டெனோ, மயிருடைமை தோன்ற, ‘நிம்பேயா பியூபெசன்ஸ்’ எனப் பெயரிட்டது. பின்னது 1768இல் ஒல்லாந்தராகிய பர்மன் ‘நிம்பேயா நௌச்சாலி’ என்றது. இலங்கையின் தேசிய மலராகிய நீலோற்பலம் அதுவே. பெயர் நீலமாயினும், அவ்வினத்தில் வெண்மலர் பூப்பனவும் உள. ஒரே பேரினத்துப் பிறந்த இவ்விரண்டையும் நிறத்தால் ஒன்றெனக் கொண்டோம். பொழுதும் இலையுமே உண்மை கூறின.

திங்கட்கிழமை, அன்று நகைத்தோர் அனைவர் முன்னிலையிலும், “தம்பி, நீ கண்டதே சரி, பிழை எம்முடையது” என்றோம். அவர் சற்றே நாணி, “இவற்றின் காய் நீருக்குள்ளேயே முதிருமாம், அதையும் பார்ப்போமா, அண்ணா?” என்றார்.

போய்ப் பார்த்தோம். இம்முறை யாம் முன்னதாக ஒன்றும் கூறவில்லை.